முகத்தை மறைத்துப் பார்க்கும் படக்கா

படத்திலிருக்கும் தலைவர்களின் முகங்களைத் தபால் அட்டையால் மறைத்துவிட்டுத்தான் படக்கா பார்க்கத் தொடங்குவாள். மிஞ்சுவது கைகள், தோள்கள், செருப்புகள்.

"மூஞ்சி பொய் சொல்லிச் சொல்லிப் பழகினது. முழங்கையப் பாரு, அதுக்கு இன்னும் பழக்கம் வரல" என்பாள்.

மறைத்த பிறகும் யார் யாருக்குப் பயப்படுகிறார் என்று தெரிந்தால் படம் அலமாரிக்கு. தெரியாவிட்டால் எவ்வளவு பெரிய தலைவர் சிரித்தாலும் குப்பைக் கூடைக்கு. பத்திரிகை அலுவலகத்தின் பட அறையில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதே வேலை; 'பட அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படக்கா ஆகிவிட்டாள்.

கணவரைக்கூட இப்படித்தான் தேர்ந்தெடுத்தாளாம். "பொண்ணு பாக்க அனுப்பின படத்துல முகத்த மறைச்சா, அவங்கம்மா கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. சரி, நம்மள மாதிரியே பயந்தாங்கொள்ளி, ஒத்துப்போகும்னு தலையாட்டிட்டேன்!"

உண்மைதான். தொலைபேசி மணி அடித்தாலே அவள் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். இன்று காலையிலிருந்து மூன்று முறை அடித்துவிட்டது.

சிறைக்குப் போன ஒப்பந்தக்காரர் ஒருவரைத் தான் பார்த்ததே இல்லை என்று நேற்று ஓர் அமைச்சர் சபையில் சொன்னார். படக்காவின் மேசையிலோ, அச்சில் வராத பழைய படம் ஒன்று கிடக்கிறது. அந்த ஒப்பந்தக்காரர் காரிலிருந்து இறங்குகிறார். கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பவர் அதே அமைச்சர். ஆனால் விவரம் எழுதியிருக்க வேண்டிய பின்பக்கம் வெறுமை. எடுத்த புகைப்படக்காரர் இறந்துபோனார். அன்று அவருடன் போய்க் குறிப்பெடுத்தவள் இவள். நாளும் இடமும் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கின்றன. படத்தின் பின்னால் எழுத மறந்துவிட்டாள், பாவி!

ஆசிரியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"படக்கா, அமைச்சரோட ஆளுங்க லைன்ல இருக்காங்க. ஏதாவது படம் இருக்கான்னு கேக்கறாங்க."

"இருக்கே சார்..."

"பின்னால ஒரு எழுத்துகூட இல்லயே! ஒட்டுவேலைன்னு சொல்லிடுவாங்க. சாட்சிக்கு யாரு வருவா? உங்க வேலை போகும், அப்புறம் என்னோடது. இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

அவள் கண்ணில் நீர் திரண்டு படத்தை மங்கலாக்கியது. செத்துப்போன மனிதர் அன்று கூட்டத்தில் இடிபட்டு, மூச்சுவாங்க எடுத்த படம்.

படக்கா அதைக் கவிழ்த்தாள். குறிப்பேட்டைப் பார்த்துத் தேதியை எழுதினாள், இடத்தை எழுதினாள், குனிந்தவர் பெயரையும் இறங்கியவர் பெயரையும் எழுதினாள். அதற்குக் கீழே, 'நான் அங்கே நின்றிருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஆசிரியரிடம் நீட்டினாள்.