டீச்சரின் கேசட்

கொட்டகலையில் நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம். எங்கள் பதற்றம் குறைய, யாழ்ப்பாணத்து டீச்சர் தன் குரலையே கேசட்டில் பதிந்து தந்திருந்தார். "கண்ணை மூடுங்கோ பிள்ளையள். மெதுவா மூச்சை விடுங்கோ." தினமும் மாலையில் கேட்பேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் குழந்தை காய்ச்சலில் இறந்தது. சாவு வீட்டருகே ரேடியோகூடப் போடமாட்டோம். நானும் கேசட்டை நிறுத்தினேன். சில நாளில் அக்காவே வாசலுக்கு வந்தார்.

"ஏன் பாப்பா, டீச்சர் பேசுறத போடல?"

"எழவு வீட்டுப் பக்கத்துல எப்படிக்கா?"

"எல்லாரும் அழாதங்கிறாங்க. டீச்சரம்மா மட்டுந்தான் மூச்சு விடச் சொல்றாங்க."

போட்டேன். சுவருக்கு அப்பால் நீண்ட மூச்சு கேட்டது; பிறகு அது அழுகையானது. நிறுத்த எழுந்தேன், நிறுத்தவில்லை. மரியாதை என்று நான் காத்த அமைதி, அவரைத் தனியே விட்டிருந்தது.