சாயம் போகாத புறா

என் வீட்டுக்காரர் எபினேசரை நான் கட்டிக்கொண்டேன் என்பது சும்மா பேச்சு. அவருடைய புறாக்களைத்தான் கட்டிக்கொண்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி மில் ஒன்றில் அவருக்கு உலைப் பக்கம் வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? குளிப்பான், சாப்பிடுவான், பெண்டாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசுவான். இவர் நேராக மாடிக்குப் போய்விடுவார். அங்கே தகர ஷீட்டும் கம்பி வலையும் வாங்கி அவரே கட்டிய புறாக் கூண்டு இருக்கிறது. வீட்டுச் சுவர் சுண்ணாம்பைப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று, கூண்டுக்கு மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெயிண்ட்.

குடி கிடையாது, பீடி கிடையாது, சீட்டு கிடையாது. இதைச் சொல்லியே என் அம்மா என் வாயை அடைத்துவிடுவாள். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலத்தை முடித்தவர்கள். இவர் சின்னப் பிள்ளையிலிருந்தே யார் பொருளையும் தொடமாட்டார். போன வருஷம் புறாப் பந்தயத்தில் பறக்கவிட்ட அவருடைய சாம்பல் நிறப் பெட்டைப் புறா திரும்பி வரவில்லை. எவனோ பிடித்து அடைத்துவிட்டான், இல்லை குழம்பு வைத்துவிட்டான். பொன்னேரி வரைக்கும் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டு போனார். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு.

"அடுத்தவன் புறா நம்ம கைக்கு வந்தா உசுரோட அவன் கைல குட்த்துடணும் மெர்சி. அவ்ளோதான்."

இந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கிய நேரம், ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பைக்குள் துண்டு, துண்டுக்குள் ஒரு பறவை. கம்பெனி ஆபீஸ் கண்ணாடிச் சுவரில் மோதி விழுந்ததாம். அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை. கழுத்து மஞ்சளும் பச்சையும் கலந்து, மாங்காய் பழுக்கத் தொடங்கும் நிறம். தலை சாம்பல். தோளில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு. இறக்கையில் மஞ்சள் கோடு.

"இன்னாய்யா இது, கிளியா?" என்றேன்.

"கண்ணு தெர்தா ஒனக்கு? புறாமே. எவனோ சாயம் அட்ச்சு வுட்ருக்கான்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வானத்தில் தங்கள் புறாவை அடையாளம் காண்பதற்காகச் சாயம் பூசிப் பறக்கவிடுகிற ஆட்கள் உண்டு. ரோஸ் புறா, ஊதாப் புறா எல்லாம் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. புறாவுக்குக் கால் சிவப்பாக அல்லவா இருக்கும்? இதற்கு மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி இருந்தது.

"காலுக்குக்கூடவா சாயம் அடிப்பானுங்க?"

"தொட்டில முக்கி எட்த்துருப்பான். நீ போய் தண்ணி கொண்டா."

அடுத்த தெரு துலுக்காணம் அண்ணன் வந்து பார்த்தார். முப்பது புறா வைத்திருக்கிறவர், இவருக்கு அண்ணனுக்கு அண்ணன், குருவுக்குக் குரு. அலகைத் திறந்து பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார். "வெளியூர் ஜாதிபா இது. அலகு தடிப்பா கீது பாரு. சாயம் செம காஸ்ட்லி. எவனோ பெரிய பார்ட்டி தேடிக்கினு இருப்பான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வழி தவறி வந்த புறா மறுபடி பறந்து தொலையக் கூடாது என்று, சொந்தக்காரர் வரும்வரை ஒரு பக்கத்து நீள இறகுகளைச் சேர்த்து டேப் ஒட்டிவிடுவது இவர்கள் முறை. அவரும் ஒட்டினார். பறவைக்கு வலிக்காமல், ஒவ்வொரு இறகாக நீவி நீவி ஒட்டினார். பிறகு போட்டோ எடுத்துப் புறாக்காரர்களின் வாட்ஸாப் குரூப்பில் போட்டார். "இது யாருடைய புறா? பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளவும்."

பதில் வந்து குவிந்தது. என்னுது இல்ல ப்ரோ. நம்ம ஏரியா இல்ல தல. உனக்கு நல்ல மனசுபா. ஒரே புகழ்ச்சிதான், ஒருத்தரும் வரவில்லை. யாருடையது என்று கேட்டால் என்னுடையது இல்லை என்றுதானே சொல்வார்கள்?

பறவை தின்னவில்லை. கம்பு வைத்தார், சோளம் வைத்தார், பொட்டுக்கடலை வைத்தார். அது தானியத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூலையில் ஒதுங்கிக்கொண்டது. மற்ற புறாக்களெல்லாம் முட்டி மோதிக்கொண்டு தின்னும்போது இது மட்டும் விசேஷ வீட்டில் தெரியாத ஆள் மாதிரி ஓரமாக நின்றது. எனக்குக் கோபம்தான் வந்தது. "மகாராணிக்கு இன்னாதான் வோணுமாம்?" என்று கத்தினேன். அவர் சோளத்தை ஊறவைத்து, அலகைப் பிரித்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். காலையில் தொட்டுப் பார்த்தால் தொண்டைக்குக் கீழே அப்படியே கல் மாதிரி நின்றது.

மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். ஊரே புறாவைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருகிறது, அவர் போய் இன்னொருவரிடம் கேட்பாரா? யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தார், சாயம்தான் விஷமாம். இறகைக் கோதும்போது உள்ளே போகிறதாம். வெந்நீர் வைக்கச் சொன்னார். ஷாம்பூ பாக்கெட்டைப் பிரித்து, பேசினில் உட்காரவைத்துக் கழுவினார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அவர் தேய்க்கிறார், தேய்க்கிறார், தண்ணீரில் ஒரு சொட்டுப் பச்சை இல்லை. மறுபடி தண்ணீர் மாற்றித் தேய்த்தார். அதுவும் தெளிவாகவே இருந்தது. இரண்டு பேரும் பேசினைக் குனிந்து பார்த்தோம். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா?

"ஃபாரின் சாயம்போல" என்றார். நானும் இருக்கும் என்றேன்.

அதற்குப் பிறகு பறவை எழவே இல்லை. இறகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மாடிக்குச் சோறு கொண்டுபோனால் தட்டு அப்படியே கீழே வந்தது. "அவன் வந்து கேட்டா நான் இன்னாமே சொல்வேன்? உசுரோட குட்த்துடணுமே" என்று என் முகத்தையே பார்த்தார். கர்த்தரே, இந்த ஒரு ஜீவனை மட்டும் காப்பாத்திக் குடும் என்று ஜெபம் பண்ணினேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சூளூர்பேட்டை சீனு என்று ஒருத்தர், ஆந்திராப் பக்கத்துப் புறாக்காரர்.

"நைனா, போன் ரிப்பேரு, இப்பதான் பாத்தேன். அது யாருதும் இல்ல நைனா. காட்டுப் புறா. பச்சப் புறான்னு பேரு. கலரு சாயம் இல்ல, பொறப்புலயே அப்டித்தான். எங்க மலைப் பக்கம் ஆலமரத்துல கூட்டமா குந்திக்கினு இருக்கும், எலையோட எலையா கண்ணுக்கே தெரியாது. தானியம் துன்னாது, பழம்தான். ஆலம்பழம், அத்திப்பழம் குடு. மொதல்ல ரெக்கைல ஒட்னத எடு."

அவர் அதை இரண்டாம் தரம் கேட்கவில்லை. மாடிக்கு ஓடி டேப்பைப் பிரித்தார். ஈரத்தில் ஊறி இறகோடு பிடித்துக்கொண்டிருந்தது, இறகு பிய்ந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பறவையை என் மடியில் வைத்துவிட்டு பைக்கை எடுத்தார். நான் வாழைப்பழத்தை மசித்து அலகில் தடவினேன், அது வழிந்து என் புடவையில்தான் விழுந்தது.

எங்கள் ஊரில் ஆலமரத்துக்கு எங்கே போவது? ஹைவே ஓரம் இருந்ததெல்லாம் ரோடு அகலமானபோதே போய்விட்டது. சிப்காட் முழுக்கச் சுற்றினாராம், சீமைக் கருவேலும் தூங்குமூஞ்சியும்தான். கடைசியில் ஓர் அம்மன் கோயில் பின்னால் அரசமரம், அதுவும் ஆல் ஜாதிதானே, கீழே பழம் கொட்டிக் கிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த பாட்டியம்மாளிடம் எடுத்துக்கலாமா என்று கேட்டாராம். "அள்ளிக்கினு போ சாமி, தெனம் பெருக்கிப் பெருக்கி பேஜாரா கீது" என்றாளாம். இரண்டு பாக்கெட்டிலும் நிரப்பிக்கொண்டு வந்தார்.

உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். சின்னச் சின்னப் பழம், கறுத்துச் சிவந்தது. பறவை கண்ணைத் திறந்தது. கழுத்தை நீட்டியது. யாரும் வாயைப் பிரிக்காமல், தானாகவே ஒன்றைக் கொத்தி விழுங்கியது.

"துன்னுது மெர்சி! பாத்தியா, துன்னுது!" என்று கத்தினார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொன்றையும் கொத்தியது. அது அலகிலேயே நின்றது. விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. தலை மெதுவாக அவர் கட்டைவிரல்மேல் சாய்ந்தது. ஊதினார், நெஞ்சைத் தேய்த்தார், தண்ணீர் தெளித்தார். "எய்ந்துருமா, எய்ந்துரு" என்று கெஞ்சினார். அவ்வளவுதான், போய்விட்டது.

ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. "வுடுய்யா, யாரும் வந்து கேக்க மாட்டாங்க. அது யாருதும் இல்லன்னு அந்த ஆளே சொல்ட்டாரு இல்ல" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் யாருக்கோசரம்மே அத்த கட்டி வெச்சேன்?"