என் பெயர் ஒட்டிய போத்தல்

எங்கள் ஒழுங்கையில் கிணறுகளுக்கும் குலம் கோத்திரம் உண்டு. அதைத் தீர்மானிப்பது நாக்கு. பக்கத்து வீட்டு அக்காவின் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. என்னுடையது சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். உடுப்புத் தோய்க்கலாம், வாழைக்கு விடலாம், வந்த ஆளுக்குக் குடிக்கக் கொடுக்கக்கூடாது. இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள்முதல், தேத்தண்ணிக்கென்று பின்னேரத்தில் ஒரு குடத்தோடு அக்கா வீட்டுப் படலையைத் தள்ளியவள் நான்.

அக்கா ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் குடம் நிரம்பும்வரை சும்மா இருந்ததுமில்லை. தன் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சீனி மிச்சம் என்பார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போத்தலில் அடைத்துக்கொண்டு போன கதையைச் சொல்வார். என் கிணற்றைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார், ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு நான் பதில் சொல்ல வருடக்கணக்காகக் காத்திருந்தேன்.

நான் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்தார். என் மகனின் வயதுதான் இருக்கும். அடுப்படியையும் தட்டுகளையும் பார்த்துத் திருப்திப்பட்டவர், இனிக் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து அறிக்கை எடுத்தால் போதும் என்றார். புதுப் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, வாய்வரை நிரப்பி, பெயரை ஒட்டிக் கொடுக்கவேண்டுமாம்.

ஊரே தள்ளிவைத்த தண்ணீரை ஆய்வுகூடம் மட்டும் ஏற்குமா? அன்று பின்னேரம் வழக்கம்போலக் குடத்தோடு போனேன். போத்தல் குடத்துக்குள் இருந்தது. அக்கா சீனிக் கதை சொல்லி முடித்து உள்ளே போன நேரத்தில் காரியத்தை முடித்தேன். மூன்று தரம் அலசவும் தவறவில்லை. களவெடுத்தாலும் சட்டப்படி எடுத்தேன்.

என் வீட்டுக்காரர் போத்தலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சோதினைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அனுப்பிறீர் போலை."

பக்கத்து வீட்டுப் பிள்ளை சோதனையில் கோட்டைவிட்டது. அறிக்கையை வாங்கிப் பார்த்த பரிசோதகர், நைத்திரேற்று அளவுக்கு மேலே இருக்கிறது என்றார். தோட்டங்களுக்குப் போடும் பசளை நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறுகிறதாம். மணமும் இராது, ருசியும் மாறாது.

"கைக்குழந்தை இருக்கிற வீடெண்டா இந்தத் தண்ணியிலை பால்மா கரைக்கவே கூடாது, அன்ரி. கொதிக்க வைச்சாலும் போகாது."

உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கள் வீட்டில்தான் இல்லை. அக்காவின் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து இரண்டு மாதம். தாய்ப்பால் காணாது என்று பேரனுக்குப் புட்டிப்பால்தான். பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கை திரும்புமுன்னரே நான் அக்கா வீட்டுப் படலையில் நின்றேன்.

அப்போதும் புத்தி குறுக்கு வழியைத்தான் தேடியது. காலம் கெட்டுக் கிடக்கிறது, குழந்தைக்குக் கடைத் தண்ணீர் வாங்கினால் நல்லது என்று பொதுவாக இழுத்தேன். அக்கா சிரித்தார். இப்படியொரு கிணற்றை வைத்துக்கொண்டு கடையில் தண்ணீர் வாங்கவா என்று கேட்டு, மதிலுக்கு மேலால் என் கிணற்றைப் பார்த்துப் பெருமூச்சும் விட்டார். உள்ளே மகள் புட்டியைக் குலுக்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை. வீட்டுக்கு ஓடி அறிக்கையை எடுத்துவந்து கையில் கொடுத்தேன்.

அக்கா கண்ணாடி போட்டு ஆறுதலாக வாசித்தார். முகத்தில் இரக்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன.

"பாவம் பிள்ளை. உம்மடை கிணறு அப்பிடித்தான் எண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

"பேர்தான் என்ரை, அக்கா. தண்ணி உங்கடை."

போத்தலையும் குடத்தையும் பற்றி ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். மகளைக் கூப்பிட்டுப் புட்டியில் இருந்ததை வெளியே ஊற்றச் சொன்னார். அறிக்கையை மடித்து என் கையில் திருப்பித் தந்தார். எனக்கு அழுகை வந்தது, அதற்கும் எனக்கு உரிமை இல்லைப்போல இருந்தது.

மறுநாள் பரிசோதகரிடமும் உண்மையைச் சொன்னேன். நன்றாக ஏச்சு வாங்கினேன். பிறகு அவரே வந்து இரண்டு கிணற்றிலும் தன் கையால் அள்ளினார். வெங்காயத் தோட்டத்தோடு ஒட்டிக்கிடந்த அக்காவின் கிணறு மறுபடி தவறியது. ஒழுங்கைப் பக்கம் இருந்த என்னுடையது கொஞ்சம் உப்பு, மற்றப்படி குடிக்கலாம், குழந்தைக்கும் கொடுக்கலாம் என்று வந்தது. ஒரு பிரதி அக்கா வீட்டுக்கும் போனது.

சில நாள் அவர் வீட்டுக்குக் கடைத் தண்ணீர் வந்து இறங்கியது. பிறகொரு பின்னேரம் என் படலை திறந்தது. அக்கா குடத்தோடு நின்றார். குடம் நிரம்பும்வரை கதைப்பதற்கு எத்தனை வருடக் கதை சேர்த்து வைத்திருந்தேன்! ஒன்றுமே வாயில் வரவில்லை. நானே அள்ளி ஊற்றினேன். அவர் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாளும் வந்தார். குடத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ராத்திரி உம்மடை தண்ணியிலைதான் கரைச்சுக் குடுத்தனான். பேரன் துப்பேல்லை."