குழாய் டீச்சர் பார்த்த வீடு

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மலிவு விலையில் வீடு கட்டித்தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில், வீடு வாங்கப்போகிறவர்களுக்கான வகுப்புகளை நடத்துவது அவள் வேலை. சனிக்கிழமை காலையில் வகுப்பு. பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவது, வங்கி அதிகாரியையும் வக்கீலையும் பேச அழைத்துவருவது, குழந்தைகள் அழுதால் பிஸ்கட் கொடுத்து வெளியே உலாத்துவது, கடைசியில் சான்றிதழ் தருவது எல்லாம் அவள் பொறுப்பு. அந்தச் சான்றிதழ் இல்லாமல் யாருக்கும் வீடு ஒதுக்க மாட்டார்கள்.

கடன், வட்டி, தவணை எல்லாம் வங்கி அதிகாரியின் பாடம். பத்திரம் வக்கீலுடையது. ஒரு வீட்டைப் பார்ப்பது எப்படி என்ற பாடத்தை மட்டும் அவளே எடுத்தாள். "உள்ள போனதும் எல்லாக் குழாயையும் ஒண்ணாத் திறங்க. ஒண்ணொண்ணாத் திறந்து பாத்தா எல்லா வீடும் நல்ல வீடுதான்" என்பாள். குழாய் டீச்சர் என்ற பெயர் அப்படி வந்தது.

டீச்சர் குடியிருந்தது வாடகை வீட்டில். நிறுவன ஊழியர்கள் அதன் வீடுகளுக்கு மனுப்போடக் கூடாது என்பது விதி. வெளியே வாங்கச் சம்பளம் எட்டாது. வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் விடாததால் காலண்டர் பிரிட்ஜின் மேல் சாய்ந்து நின்றது. ஆனாலும் அவளைப் பொறாமைக்காரி என்று அன்றுவரை யாரும் சொன்னதில்லை. யார் யாரோ வகுப்புக்கு வந்தார்கள், வீடு வாங்கினார்கள். சாவி கொடுக்கும் நாளில் முன்வரிசையில் நின்று கைதட்டியவள் அவள்தான். அதில் பொய் இல்லை.

கணவரின் தம்பி மனைவி, அவளுடைய ஓரகத்தி, வகுப்பில் வந்து உட்கார்ந்த அன்றுதான் வயிறு எரிந்தது.

ஓரகத்தி துணிக்கடையில் பில் போடுகிறவள். டீச்சர் கால்கடுக்கக் காத்திருந்து, நின்றுகொண்டே போன பஸ்ஸுக்குப் பின்னாலேயே வரும் காலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற ராசி அவளுக்கு. அப்படித்தான் டீச்சர் நினைத்திருந்தாள். கொழுந்தன் நல்லவர், பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறான், மாமியார்கூட அங்கே போனால்தான் கூடுதலாக இரண்டு நாள் தங்குகிறார். இப்போது வீடும்.

உறவை மறைக்கக் கூடாது என்று மேலாளரிடம் அன்றே சொல்லிவிட்டாள். உறவுக்காரர்களுக்கும் கிடையாது என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசையும் உள்ளே இருந்தது.

"ஒரே வீட்லயா இருக்கீங்க?" என்று கேட்டார் அவர்.

"இல்ல சார், தனித்தனிதான்."

"அப்பறம் என்னம்மா? சந்தோஷமான விஷயம். ஸ்வீட் எங்க?"

வீட்டைப் பார்க்கும் பாடத்தன்று ஒரு பெயின்டர் எழுந்து, "டீச்சர், பாக்கப் போறப்ப கூட யாரக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார்.

"உங்க அம்மாவக் கூட்டிட்டுப் போகாதீங்க, வாசல்லயே கண் கலங்கிடுவாங்க. புரோக்கரும் வேண்டாம், ஓட்டை இருந்தா காத்தோட்டம்பாரு. உங்களப் பாத்து வயிறெரியுற ஆளு யாராச்சும் இருந்தா கையோட கூட்டிட்டுப் போங்க. ஒரு குறையும் தப்பாது."

வகுப்பே சிரித்தது. டீ இடைவேளையில் ஓரகத்தி பேப்பர் கப்புடன் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மத்தியானம் லீவு போட முடியுமா? எங்களுக்கு ஒரு வீடு காட்டுறாங்க."

சிரித்துக்கொண்டு கேட்டாளா, சாதாரணமாகத்தான் கேட்டாளா என்று டீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது மாடி வீடு. ஏற்கெனவே எடுத்த குடும்பம் குடியேறுமுன்பே வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதால் திரும்பி வந்தது. எடுத்துக்கொள்கிறோமா இல்லையா என்று ஓரகத்தி அன்று மாலைக்குள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. கொழுந்தன் வேலையில் இருந்தார். "அண்ணி சரின்னா சரி" என்று போனில் சொல்லிவிட்டார்.

டீச்சர் எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்தாள். தண்ணீர் எல்லாவற்றிலும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தரையில் கோலிக்குண்டை வைத்தாள். அது வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாணயத்தால் தரைக்கற்களைத் தட்டிக்கொண்டே போனாள். ஒன்றுகூட அடியில் வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கவில்லை. அலமாரிகளுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள். ஈர வாடையே இல்லை. சமையலறையில் இரண்டு பக்கமும் ஜன்னல். பட்டப்பகலை அப்படியே அள்ளிக் கொட்டிவைத்ததுபோல் வெளிச்சம்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கசிவு இருந்தால் போதும். வேறெதையும் அவள் கேட்கவில்லை.

"அக்கா, இந்தச் சுவத்துல பையன் போட்டோவ மாட்டலாமா?" என்று கூடத்திலிருந்து ஓரகத்தி கேட்டாள்.

ஆணி அடிக்கிற நினைப்பு அதற்குள்! டீச்சர் படுக்கையறைக்குப் போனாள். அங்கே ஜன்னலின் மேல்மூலையில் அது இருந்தது, தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். பூச்சு காயும்போது எல்லாப் புது வீட்டிலும் விழுவது. பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும். டீச்சருக்குத் தெரியாததா?

"இங்க வா. இதப் பாத்தியா?"

"என்னக்கா அது, விரிசலா? ஆபத்தா?"

"நானா இருந்தா வாங்க மாட்டேன்."

ஓரகத்தியின் முகம் சுண்டிப்போனது. ஜன்னல் திட்டில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அலுவலக எண்ணைத் தேடினாள். அழைக்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது உங்க கண்ணு சொல்லுதா, வயிறு சொல்லுதா?"

"என்னடி பேச்சு இது? வேலைய விட்டுட்டு உனக்காக வந்தா…"

"நீங்க கிளாஸ்ல சொன்னதக் கேட்டுத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

"அப்ப நான் வயித்தெரிச்சல் புடிச்சவ. அதானே?"

"எனக்கு மட்டும் இருந்ததில்லையா? நீங்க நாற்காலியில உக்காந்து வேல பாக்குறீங்க, ஊரே டீச்சர்ங்குது. நான் காலு வீங்க நின்னுட்டு சட்டைக்கு பில் போடுறேன். எத்தன வருஷம் எரிஞ்சிருப்பேன்னு நெனக்கிறீங்க?"

இதை டீச்சர் எதிர்பார்க்கவில்லை. தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பது அந்த நேரத்திலும் கொஞ்சம் இனித்தது. முகத்தில் அது தெரிந்துவிடப்போகிறதே என்று சுவர்ப்பக்கம் திரும்பி, எம்பி, விரிசலில் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் நுழையவில்லை.

கண்ணுதான் என்று சொல்லிவிட்டால் போதும். வீடு போய்விடும், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எடுத்துக்கொள்ளும் அடுத்த குடும்பத்துக்கும் நாளைக்கு அவள்தான் சான்றிதழ் தர வேண்டும். அவர்கள் அதே விரிசலைக் காட்டிக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள்.

"வயிறுதான்" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "வெறும் பூச்சு விரிசல். பெயின்ட் அடிச்சாப் போயிடும்."

"நெசமாவா?"

"குழாய் நல்லா இருக்கு, தரை நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு. வாங்கித் தொல!"

ஓரகத்தி நன்றி சொல்லவில்லை. அங்கேயே உட்கார்ந்து அலுவலகத்துக்குப் போன் போட்டு, "எடுத்துக்கறோம் சார்" என்றாள். டீச்சர் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். அவளுக்கு ஆகவில்லை. எரிந்தது எரிந்தபடிதான் இருந்தது.

அன்று இரவு சாப்பிடும்போது கணவர் கேட்டார்.

"தம்பி வீடு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"பரவாயில்லைன்னா?"

"சமையலறை இருட்டு" என்றாள் டீச்சர். "பகல்லயே லைட்டு போடணும்."

"அடப்பாவமே! இவ்வளவு காசு குடுத்து…"

"என்ன செய்யறது, எல்லாம் அமையாதே." ஞாயிற்றுக்கிழமை அவரே போய்ப் பார்த்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் இரண்டு நாள் இருந்தது. மத்தியானத்திலிருந்து ஒன்றும் இறங்காத தொண்டையில் இப்போது சோறு இறங்கியது. தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.