பைபர் ஒட்டிய படுக்கையறைச் சுவர்

பைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுவது என் தொழில். தங்கச்சிமடம் கரையில் நான் ஒட்டிய படகு, ஒட்டிய இடத்தில் மறுபடி உடைந்ததில்லை. வேறு இடத்தில் உடைந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

போன மழையில் எங்கள் படுக்கையறைச் செங்கல் சுவர் குறுக்கே விரிசல் விட்டது. கட்டிலில் என் மனைவி படுக்கும் பக்கம் அதுதான். விரிசலில் சீப்பைச் சொருகிப் பார்த்தாள். விழாமல் நின்றது.

"சுவரு சரியாகுற வரைக்கும் நான் இங்கன இருக்க மாட்டேன். அம்மா வீட்டுக்குப் போறேன். நல்ல கொத்தனாராப் பாத்துக் கூப்பிடுங்க" என்றாள். கொத்தனார் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. கடலைத் தாங்கும் பைபர் ஒரு சுவரைத் தாங்காதா?

அவள் மாரியூர் பஸ் ஏறியதும் ஆரம்பித்தேன். பூச்சின் மேலேயே சுவர் முழுக்க பைபர் துணியை விரித்து, ரெசின் பசை பூசி, ரோலர் ஓட்டி, மிச்சமிருந்த நீலப் பெயின்ட்டையும் அடித்தேன். சுவரைக் கடலில் இறக்கியிருக்கலாம். "முடிஞ்சிருச்சு, வா" என்று போன் செய்தேன்.

சில வாரம் கழித்து வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை. நான் படகைச் சோதிப்பதுபோலவே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். ஒட்டு பிரிந்திருந்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். சுவர் முழுக்க அதுதான் கேட்டது. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். துணி கிழியவில்லை, பூச்சைப் பெயர்த்துக்கொண்டு பாய்போலச் சுருண்டு வந்தது. பின்னால் ஒரே ஈரம், உப்பு.

"படகுக்குத் தண்ணி வெளிய இருந்து வரும். சுவத்துக்கு உள்ள இருந்துல்ல வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் ரெசின் நெடி என்றேன்.

மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தினார், தரையிலிருந்து ஈரம் ஏறும் வழியை அடைத்தார், உப்பைக் கழுவினார், மாதக்கணக்கில் காயவிட்டார். பிறகுதான் என்னைச் சுவரைத் தொட விட்டார். அதுவும் முழுத்துணி கூடாதாம். ஈரம் வெளியேற இடம் விட்டுப் பட்டை பட்டையாக ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமாக எதையும் ஒட்டியதில்லை.

அவள் வந்தாள். தோளில் பையோடு ஒவ்வொரு பட்டையாகத் தட்டினாள். எல்லாம் கெட்டி. கடைசிப் பட்டையை இரண்டு முறை தட்டினாள்.

"இது நீங்க ஒட்டுனதா, கொத்தனார் ஒட்டுனதா?"

"கொத்தனார்" என்றேன்.

பையைக் கீழே வைத்தாள்.