அக்கா தன் மகளுக்குச் சொல்ல இருந்தது

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவைக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்த பின்னரே அறிவீர்கள். அவர் பிறந்தது சாவகச்சேரியில், எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாக. அவருக்கு அடுத்தவன் நான்.

பள்ளிக்கூட வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. முழங்கால்களும் கணுக்கால்களும் வீங்கி, அப்பாதான் கிணற்றடிக்குத் தூக்கிச் செல்வார். மாதாமாதம் ஊசி போடவேண்டும், இடையில் விடக்கூடாது என்றார் வைத்தியர். அக்கா முகம் சுளிக்காமல் போட்டுக்கொண்டார். பிறகு போரினால் இடம்பெயர்ந்தோம். போன இடங்களில் அந்த ஊசி கிடைக்கவில்லை. மூட்டு நோவும் திரும்ப வராததால் நோய் மாறிவிட்டதென்றே நம்பினோம். அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அப்பா இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமானார். அக்கா படித்து, தபாலகத்தில் வேலை பெற்று, அம்மாவையும் என்னையும் கண்டியருகே இந்தக் கட்டுகஸ்தோட்டைக்கு அழைத்து வந்தார். அத்தானை மணந்து ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தபாலகத்துக்கு வருபவர்களிடம் "வாங்கம்மா, என்னா வேணும்" என்று அவர்களுடைய பேச்சிலேயே பேசுவார். வீட்டில் நாங்கள் பகிடி பண்ணினால், "வந்த சனத்துக்கு விளங்க வேணுமெல்லோ" என்பார்.

சில வருடங்களுக்கு முன் வீட்டுக்கு ஏறும் படிகளில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வால்வ் லீக் என்றார்கள். அதன் பிறகு அக்கா அதிகம் பேசவில்லை. பாரமான எதையும் தூக்க மாட்டார். சாய்ந்து படுக்கவும் பயந்து கதிரையிலேயே தூங்கினார். காரணம் எனக்கு அடுத்த கிளினிக்கில்தான் விளங்கியது. திகனயைச் சேர்ந்த ஓர் இளம் வைத்தியரிடம் அக்கா மெல்லிய குரலில் கேட்டார்:

"டொக்டர், இவ்வளவு நாளா ஒழுகிற இரத்தம் உள்ளுக்கு எங்க போய்ச் சேருது?"

வைத்தியர் சிரிக்கவில்லை. "ஒரு சொட்டும் வெளியே போறதில்ல அக்கா. வால்வு சரியா மூடாததால, முன்னுக்குப் போகவேண்டிய ரத்தத்துல கொஞ்சம் பின்னுக்கு வருது. அதனால இதயம் ஒரே வேலையை ரெண்டு தரம் செய்யுது. அதுதான் களைப்பு."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அதுவும் என்னை மாதிரித்தான் தம்பி. அத்தான் கழுவி வைச்ச கோப்பையை நான் திரும்பக் கழுவிறன்" என்றார். அன்றிரவு கட்டிலில் படுத்தார்.

நோயோடு வாழப் பழகிக்கொண்டார். உப்பைக் குறைத்தார். அத்தானும் மறுபேச்சில்லாமல் அதே கறியையே சாப்பிட்டார். காலையில், உடம்பில் தேங்கும் தண்ணீர் போகும் குளிசை எடுப்பார்; கால் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். படியில் களைத்து நிற்பதைக் கண்ட அயல்வீட்டுச் சிங்கள அம்மா தன் வாசலில் ஒரு கதிரையைப் போட்டுவைத்தார். அதில் இருந்து கதைத்துவிட்டுத்தான் அக்கா மேலே ஏறுவார்.

கடந்த வருடம், இதயம் பெருத்து வருகிறது, சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். "பிள்ளையின்ர சாதாரண தரச் சோதினை முடியட்டும் டொக்டர்" என்றார் அக்கா. வைத்தியருக்கு அது பிடிக்கவில்லை. நாங்களும் சொல்லிப் பார்த்தோம். அக்கா அசையவில்லை.

மருமகளின் பதினோராம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தார்கள். அந்த நாள் வருமுன்னர் நுரையீரலில் நீர் கோத்து அக்காவை ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தோம். இரண்டொரு நாளில் சற்றுத் தேறி, தலையணையில் சாய்ந்திருந்து பேசினார். அத்தான் தேநீர் வாங்கப் போயிருந்தார்.

"தம்பி, சோதினை ஒரு சாட்டுத்தான். நெஞ்சைத் திறப்பினம் எண்ட நினைப்பே எனக்குப் பயம். சோதினை எண்டு சொன்னா, பயமோ எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினமெல்லோ."

"பிள்ளையிட்ட இதைச் சொன்னனீங்களோ?"

"இல்லை. வீட்ட போய் நானே சொல்லுறன். நீ சொல்லிப்போடாதை, அவள் என்னைப் பகிடி பண்ணுவாள்."

மறுநாள் மாலை அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

செத்தவீட்டில் பலர் மருமகளின் தலையைத் தடவி, "உன்ர படிப்புக்காக உயிரைக் குடுத்த தாய்" என்றார்கள். அன்பினால் சொன்னார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பரீட்சை முடிவு வந்தும் பிள்ளை இன்னும் அதைப் பார்க்கவில்லை.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அயல்வீட்டு அம்மாவுக்கும், தபால் கந்தோரில் அவருடைய வேலைகளையும் சேர்த்துச் செய்த நண்பர்களுக்கும், வடக்கிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களோடு நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக, என் மருமகளுக்கு. பிள்ளை, உன் அம்மா உனக்காகச் சத்திரசிகிச்சையைத் தள்ளிவைக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டார், அவ்வளவுதான். அவர் சொல்ல வேண்டாம் என்றதை எல்லோர் முன்னிலையிலும் எழுதிவிட்டேன். பரீட்சை முடிவைப் போய்ப் பார், பிள்ளை.