தொரட்டிக் கம்பில் ஒரு விலாசம்

கோடைக் காலத்தில் வெயில் ஏற ஏறக் கரிசல் தரை தண்ணீராகத் தெரியும். அந்தத் தண்ணீருக்கு மேலே, பிடிமானமே இல்லாமல் மிதக்கிற மாதிரி ஒரு சிவப்புத் துண்டு ஆடும். வண்டியை அதை நோக்கித் திருப்பினால் போதும். முதலில் ஆட்டு வாடை வரும், அப்புறம் மணிச் சத்தம், அப்புறம் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற, துண்டு கட்டிய தொரட்டிக் கம்பு, கடைசியில்தான் கம்பைப் பிடித்தபடி கீதாரி. “வந்திட்டியா தாயி” என்பார், என்னமோ நான் அடுத்த வீட்டிலிருந்து வந்த மாதிரி.

கோவில்பட்டியில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்தாளுநர் எடுத்துத் தருவதை ஸ்கூட்டியில் வைத்து, புதூர்ப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பேன். கீதாரிக்கும் வீடு இருந்தது, அவர்தான் அதில் இருந்ததில்லை. அறுவடை முடிந்த புஞ்சைகளில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர். இன்றைக்கு ஒருவர் காடு, பிறகு இன்னொருவர் காடு. உடம்பில் சர்க்கரை. மருந்து வாங்க டவுனுக்கு வந்தால் ஆட்டைப் பார்க்க ஆளில்லை, ஆட்டைப் பார்த்தால் மருந்தில்லை. அந்தப் போட்டியில் எப்போதும் ஆடுதான் ஜெயித்தது. காலில் முள் குத்திய புண் ஆறாமல், காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் பயமுறுத்திய பிறகுதான் நான் கிடையைத் தேடிப் போக ஆரம்பித்தேன். எந்தக் காடு என்று எனக்குத் தெரிய, அவர் கம்பில் துண்டைக் கட்டி நிறுத்துவார். மாத்திரை விடாமல் உள்ளே போனதும் புண் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. “காலு திரும்பி வந்திருச்சு தாயி. இம்புட்டு நாளும் எங்கன போயிருந்துச்சோ” என்று பாதத்தைத் தடவிக்கொண்டே சிரிப்பார்.

கிடையில் யாரும் தனியாக எதையும் வாயில் போடமாட்டார்கள். ஒற்றை வெற்றிலை என்றாலும் கிழித்து நீட்டுவார்கள். கீதாரியோடு கிடை காத்த அவர் மச்சினன் ஒரு காலையில் “உடம்பு அசதியா இருக்கு அத்தான்” என்று சொல்ல, இவர் தன் சர்க்கரை மாத்திரையில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். அந்த மனிதருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது, கஞ்சியும் குடித்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வேர்த்து ஊற்றி, வாய் குழறி, உடைமரத்து நிழலில் சாய்ந்து கிடந்தார். கடைக்குப் போன் போட்டேன். “முழுங்க முடியுதான்னு பாரு. இனிப்பக் கரைச்சுக் குடு. மொதல்ல ஆம்புலன்ஸக் கூப்பிடு” என்றார் மருந்தாளுநர். காப்பிக்கு வைத்திருந்த கருப்பட்டியைக் கரைத்துப் புகட்டினோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் கண் தெளிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

திரும்பி வந்த மச்சினன், “நல்ல ஆளு அத்தான் நீரு. இருந்த சீனிய எடுத்துட்டு அப்புறம் கருப்பட்டியா ஊத்துதீரு” என்று கேலி பேசினார். கீதாரி சிரிக்கவில்லை. அடுத்த முறை நான் போனபோது காட்டில் துண்டு ஆடவில்லை. மணிச் சத்தத்தை வைத்துத்தான் தேடிப் பிடித்தேன். அவர் காலில் பழைய இடம் மறுபடி சிவந்திருந்தது.

“வேண்டாம் தாயி. என் ஆளச் சாய்ச்ச சாமான், எனக்கு உள்ள இறங்க மாட்டேங்குது.”

“அண்ணாச்சி, அது உங்களுக்கு மருந்து, அவியளுக்கு விஷம்.”

“அப்பம் இவிய பாத்துக்கிட்டு இருக்க, நான் மட்டும் திங்கணுமாக்கும்?”

முடிச்சு அங்கேதான் இருந்தது. தனியாகத் தின்ன அவருக்கு மனசில்லை, மருந்து பங்குபோடுகிற சாமான் இல்லை என்று முன்னாலேயே சொல்ல ஆளுமில்லை. கடையில் நின்று வாங்கினால் மருந்தாளுநர், “யாருக்கு இது? சாப்பிட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையில் தருவார். மருந்து என் வண்டியில் ஏறிவிடும், அந்தக் கேள்வி கடையிலேயே நின்றுவிடும்.

மறுமுறை கடலைமிட்டாயும் கொண்டுபோனேன். மருந்தாளுநரையும் போனில் பேசவைத்தேன். கீதாரி மிட்டாயை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார். அவர்கள் மெல்ல ஆரம்பித்ததும் தன் கஞ்சியைக் குடித்துவிட்டு, “நீங்க இனிப்பத் தின்னுங்கலே, நான் என் பங்கத் தின்னுதேன்” என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டார். தலை சுற்றினால் தின்ன ஒரு மிட்டாய் மட்டும் அவர் மடியில் இருந்தது. அதன் பிறகு கம்பில் சிவப்புத் துண்டு ஏறாத நாளில்லை.

இப்போது ஆடுகளை மச்சினனிடம் விட்டுவிட்டு, புதியம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். ஒருநாள் பார்த்துவரப் போனேன். தெரு முழுக்கத் தையல் மெஷின் சத்தம், தூரத்து மழை மாதிரி. மருந்து செல்போனில் சொன்னால் பெட்டியில் வந்துவிடுகிறது. “மழையோ வெயிலோ டாண்ணு வந்திருது அத்தே. ஒரு வேளை தப்புனதில்ல” என்றாள் மகள். உண்மைதான். அவர் காலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

ஆனால் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புது மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். பழைய அட்டை தீரப்போகிறது, இதில் நிறமும் பெயரும் வேறு. “கொண்டாந்த தம்பி வாசல்ல வச்சிட்டுப் போட்டோப் பிடிச்சிட்டுப் போயிட்டான். பெட்டிக்கிட்ட கேட்டா சொல்லுமா? நீயே சொல்லு தாயி, இது யாருக்கு? எனக்குத்தானா?”

கடையிலேயே நின்றுவிட்ட அந்தக் கேள்வி அவர் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது. மருந்தாளுநருக்குப் போன் போட்டு, அட்டையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். மருந்து அதேதான், கம்பெனிதான் வேறு, பழையதையும் இதையும் சேர்த்துப் போடக்கூடாது என்றார். கீதாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த வீட்டுக்குக் கதவு எண் உண்டு. ஆனால் நான் அதைப் பார்த்து வரவில்லை. தெருமுனையில் திரும்பும்போதே, மொட்டைமாடியில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் தொரட்டிக் கம்பு நின்றது. நுனியில் சாயம் போன அந்தச் சிவப்புத் துண்டு. நான் வந்தால் வீடு தெரியட்டும் என்று, அட்டை வந்த அன்றைக்கே ஏறிக் கட்டிவிட்டாராம்.